அஞ்சாம் வீட்டுச் சாவி

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பூட்டு உண்டு. சாவிகள் மட்டும் ஒரே வீட்டில் இருந்தன.

அந்த வீட்டுக்காரரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, சிவகாசியில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். தினசரி காலண்டரில் தேதிக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு பொன்மொழி வருமே, அதற்குப் பிழை திருத்துகிறவன் நான். சரக்கு தீர்ந்துபோகிற வருடங்களில் நானே எழுதியும் விடுவேன். பொறுமை, கருணை, கடமை என்று எல்லா விஷயத்திலும் எனக்கு அச்சில் கருத்து உண்டு. இதுபோக, அப்பா விட்டுப்போன லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரன்.

லைன் வீடு என்றதும் யாரும் அழகாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எதிரெதிராக நாலும் நாலும் எட்டு வீடு, நடுவில் ஒரு நடை, நடையின் முடிவில் ஒரு குழாய், அந்தக் குழாயடியில் தினமும் ஒரு சண்டை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதம் உள்ளே உட்கார்ந்தால் நாமே வெந்துவிடுவோம். குடியிருந்த எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் செருப்பு என்று ஓடுவார்கள். ஓடுகிற வழியில் முதல் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

முதல் வீடுதான் அக்காவின் வீடு. வாசல் நிலையில் வரிசையாக எட்டு ஆணி. ஏழு, மற்ற வீடுகளின் சாவிக்கு. எட்டாவது, லைனுக்கு முன்னால் தெருவைப் பார்த்து இருக்கிற எங்கள் வீட்டுச் சாவிக்கு. என் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மாட்டிவிட்டுப் போவாள்.

கம்பெனிக்குள் சாவிக்கொத்தைக் கொண்டுபோக யாரும் விரும்புவதில்லை. இரும்பு எங்காவது உரசிவிடுமோ என்ற பயம். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு முதலில் வந்தால் திறக்க வேண்டும். இப்படி ஆரம்பித்த வழக்கம்தான். ஆனால் அக்கா அதை ஒரு உத்தியோகமாகவே செய்தார். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு அட்டை மடிப்பார். சாயந்திரம் காலடிச் சத்தம் கேட்டதும் தலை நிமிராமலே கையை நீட்டி, வருகிறவரின் சாவியை எடுத்து நீட்டிவிடுவார். சாவியோடு சேர்த்து ஒரு செய்தியும் வரும்.

"இந்தா. உன் மக ஸ்கூல்ல விழுந்துட்டா. முட்டியில மஞ்சப் பத்து போட்டிருக்கேன், பாத்ததும் கத்தாத."

"ஒங்க மாமியா வந்துட்டுப் போச்சு. அரை மணி நேரம் இங்கன உக்காந்து ஒன்னையத்தான் பேசிச்சு. நல்லதா ஒண்ணும் பேசல."

எட்டுச் சாவியும் போய் ஆணிகள் வெறுமையானால்தான் அக்கா சோற்றுச் சட்டியைத் திறப்பார். யாராவது ஓவர்டைம் என்று ஒன்பது மணி ஆக்கினால் அக்காவும் ஒன்பது மணிவரை பட்டினி. "எனக்கென்ன, பசிச்சாத்தான் சோறு எறங்கும்" என்பார். மறுநாள் காலையில் அந்த ஆளுக்கு வேனைப் பிடிக்கிற அவசரத்திலும் திட்டு விழும்.

எல்லாச் சாவியையும் எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டார். மூன்றாம் வீட்டுக்காரன் ஒரு நாள் மதியமே குடித்துவிட்டு வந்து நின்றான். வீட்டுக்குள் மனைவி சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுக்கத்தான் வந்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

"அக்கா, சாவி."

"ஒம் பொண்டாட்டி வாங்கிட்டுப் போயிட்டாளே."

"அந்தா, ஆணியில தொங்குதுல்ல?"

அக்கா திரும்பிப் பார்த்தார். சாவி தொங்கியது. "அது ஒம் பொண்டாட்டி வாங்கிட்டுப் போன சாவி" என்றார்.

அவன் அதை நின்றபடியே யோசித்தான். பிறகு உட்கார்ந்து யோசித்தான். அப்படியே குழாயடியில் தூங்கிவிட்டான். சாயந்திரம் மனைவி வந்து அவனைத் தாண்டிப்போய்ச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் சொந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது. கதவைச் சாத்தி வைப்பதோடு சரி. அவருடைய கணவர் ஆந்திராவுக்கு லாரியில் பட்டாசு லோடு கொண்டுபோனவர். நான் கல்லூரியில் படித்த காலத்திலேயே போனவர். யாராவது புதிதாக விசாரித்தால் அக்கா முகம் மாறாமல் சொல்வார்: "லோடு இன்னும் எறங்கல போல." கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று திணறுவதைப் பார்த்து அவர்தான் முதலில் சிரிப்பார்.

அப்பா இருந்தவரை அக்கா என்னை "ஏலே தம்பி" என்பார். அப்பா போன மறுமாதம் வாடகை வாங்கப் போனேன். எழுந்து நின்று, "வாங்க தம்பி, இருக்கீகளா, வீட்ல சொகமா?" என்றார். நான் முதலாளி ஆகிவிட்ட செய்தி அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, செருப்படி பட்டது போலவும் இருந்தது.

இனி அஞ்சாம் வீடு.

அதில் தனியாக ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான். ஆலங்குளம் பக்கம் ஊர். பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை. கையிலும் சாவியிலும் அலுமினியப் பவுடர் ஒட்டி எப்போதும் வெள்ளியாய் மினுங்கும். காலையில் சாவியைக் கொடுக்கும்போது மற்றவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் மட்டும் தினமும், "வந்து வாங்கிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். கொடுத்த சாவியை வாங்காமல் யார் விடப்போகிறார்கள் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அப்பா இருந்த காலத்தில் ஒரு தீபாவளி சீசன் நேரம், பிற்பகல். நிலம் ஒரு முறை தூக்கிப்போட்டது. அலமாரியில் பாத்திரம் பேசியது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பார்கள். தெருவில் இருந்தவர்கள் சாத்தூர் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. நிலைக்குப் பக்கத்தில் நின்று ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குச் சாவியோடு செய்தி எதுவும் வரவில்லை. வந்தவர்களின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஏழு ஆணி காலியானது. அஞ்சாம் வீட்டு ஆணி காலியாகவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தார்.

"சாவியக் குடுங்கக்கா. சாமானை எடுக்கணும்."

"அவ வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"அக்கா..."

"எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காய்யா. நான் எப்படிக் குடுக்க?"

அவர் சண்டை போடவில்லை. ஒரு கல்லை எடுத்துப்போய் அஞ்சாம் வீட்டுப் பூட்டை உடைத்தார். நாலைந்து அடியில் உடைய வேண்டிய பூட்டு வெகுநேரம் உடையவில்லை. அப்பா புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். அடுத்துக் குடிவந்தவர்களின் சாவிக்கு அக்கா ஒன்பதாவதாக ஓர் ஆணி அடித்தார். அஞ்சாம் வீட்டு ஆணியில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

அந்த வாரக் காலண்டர் தாளில் ஒன்று நான் எழுதியது. பொறுமையைப் பற்றி. அதைக் கிழித்து, யார் கண்ணிலும் படாமல் காலண்டர் அட்டைக்கு அடியில் சொருகினேன்.

அப்பா காலமாகிச் சில வருடம் கழித்து ஓர் இன்ஜினியர் வந்து நடையைக் காலடியால் அளந்தார். எட்டுக் குடும்பம் இருக்கிற இடத்தில் மூன்று மாடி எழுப்பி, மாடிக்கு நாலாகப் பன்னிரண்டு வீடு விடலாம் என்றார். கீழ்த்தளம் வண்டி நிறுத்த. எனக்கு ஆஸ்பெஸ்டாஸ் பார்த்து அலுத்திருந்தது. குடியிருப்பவர்களுக்கும் நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டேன். கருணையைப் பற்றி எழுதுகிறவனுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது.

எட்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஏழு பேரும் கேட்டுக்கொண்டு, ஆனைக்குட்டம் பக்கமும் திருத்தங்கல் பக்கமும் இடம் பார்க்கப் போனார்கள். கட்டி முடித்ததும் வாங்க என்றேன். புது வீட்டின் வாடகையைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். கோயிலில்கூட நான் அப்படி ஒரு கும்பிடு பார்த்ததில்லை.

அக்காவுக்கு மட்டும், "உங்களுக்குப் பழைய வாடகைதான்க்கா. ஒரு வீடு கண்டிப்பா உண்டு" என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கீழதானே தம்பி?"

"கீழேதான்க்கா. வாசலை ஒட்டி ஒரு ரூம் போடச் சொல்றேன்."

சொன்னேன். இன்ஜினியரிடமும் சொன்னேன். கட்டடம் பாதி எழும்பும்போதே ஓர் அச்சகத்துக்காரர் கீழ்த்தளம் முழுவதையும் பேப்பர் ரீல் வைக்கக் குடோனாகக் கேட்டார். முழுவதும் என்றால் வாசலை ஒட்டிய ரூமும் சேர்த்து. நான் ஒருநாள் யோசித்தேன். ஒருநாள் யோசித்ததைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. வேறு எதுவும் இல்லை.

ஒன்றரை வருடம் எங்கேயோ ஒண்டியிருந்துவிட்டு அக்கா திரும்பி வந்தபோது மூன்றாவது மாடி, பின்பக்க வீட்டைக் காட்டினேன்.

"நல்லா காத்து வரும்க்கா" என்றேன்.

"வரட்டும். காத்துக்கு மட்டுந்தான் படி ஏறத் தெரியும்" என்றார்.

குடியிருப்போருக்கான நிபந்தனைகளை நானே உட்கார்ந்து எழுதியிருந்தேன். பதினோரு நிபந்தனை, நல்ல தமிழில், ஒற்றுப்பிழை இல்லாமல். அக்காவுக்கு வாசித்தும் காட்டினேன். நாலாவது நிபந்தனை, சுவரிலோ நிலையிலோ ஆணி அடிக்கக் கூடாது. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு?"

"நிபந்தனைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா."

"அதுஞ்சரி" என்று கைநாட்டு வைத்தார்.

பன்னிரண்டு வீடும் நிரம்பின. ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர்கள், ஒரு நர்ஸ் தம்பதி, வடக்கிலிருந்து வந்தவர்கள். முன்பெல்லாம் பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் வரி நோட்டில் எங்கள் லைனிலிருந்து எட்டுத் தலைக்கட்டு எழுதுவார்கள். இப்போது நோட்டோடு வருகிறவர்கள் எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அண்ணாச்சி கடையில் கடுகெண்ணெய் வந்துவிட்டது. அண்ணாச்சி இந்தியில் இருபது வரை எண்ணுவார். அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்குக் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவார். எல்லோரும் அவரவர் சாவியை அவரவர் பையில் போட்டுக்கொண்டார்கள். மூன்று மாடி ஏறி அக்காவிடம் கொடுக்க மூட்டு ஒத்துழைக்காததால் நானும்.

அக்காவுக்கு எதிர் வீட்டில் ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர். மூன்று பேர் அச்சகத்தில், இரண்டு பேர் பட்டாசுக் கம்பெனியில். ஐந்து பேருக்கும் நான் கொடுத்தது ஒரே சாவி. ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்கள் அதை மீட்டர் பெட்டிமேல் ஒளித்து வைப்பதும் தேடுவதுமாக இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் அக்கா அதை எடுத்துக்கொண்டு தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. சத்தமாகச் சொன்னால் புரியும் என்பது அவர் கட்சி.

"ஏலே நெட்டை, சோறு தின்னியா? சோறு! இந்தா சாவி. அந்தப் பாட்டுக்காரன் இன்னும் வரல, கதவைத் தாள் போட்டுத் தூங்கிறாத!"

அவர்களுக்கும் புரிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஒருமுறை மாடி ஏறியவன் இதைக் கேட்டேன். மூச்சு வாங்கியதால் அங்கேயே நின்றேன். அக்கா அந்தக் கட்டடத்துக்கு வந்தபிறகு அவர் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டதில்லை.

கேட்டவன் கேட்டதோடு இறங்கியிருக்கலாம். அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மறுபடி ஏறினேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இரவு ஷிப்ட் முடித்த மூன்று பேர் படிக்கட்டில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தப்புச் செய்தவர்கள் போல எழுந்து நின்றார்கள். எனக்கு மனசு இளகிவிட்டது. என் மனசு இளகினால் யாருக்காவது கேடு வரும் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. அக்கா வந்ததும் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு பஜாருக்குப் போய் நாலு மாற்றுச் சாவி செய்து வந்து, பழையதோடு சேர்த்து ஆளுக்கொன்றாக என் கையாலேயே கொடுத்தேன். ஐந்து பேரும் கைகூப்பினார்கள். அக்காவிடம் போய், "இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லைக்கா" என்றேன்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். "இல்லதான்" என்றார். நாற்காலியை உள்ளே எடுத்துப்போட்டார்.

இருபது நாள்கூட ஆகவில்லை. சாத்தூரில் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அச்சகத்தில் இருந்தேன். வந்து மேலே போய்ப் பார்த்தேன். வழக்கம்போல் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே கூட்டித் துடைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் சுவரில், நிபந்தனையை மீறி, இரண்டு ஆணி. ஒன்றில் அந்த வீட்டுச் சாவியை எனக்காக மாட்டிவிட்டுப் போயிருந்தார். இன்னொன்று காலி. அதற்குக் கீழே என் புதுப் பெயின்ட்டில் விரல் நீளத்துக்குத் துருக் கறை. அஞ்சாம் வீடு இடிபட்டு, பூட்டு உடைபட்டு, அந்த இடத்தில் பேப்பர் ரீல் நிற்கிறது. அதன் சாவியை அவர் கையோடு கொண்டுபோயிருந்தார்.

போன மாதம் ஒரு நாள் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஜை அதிர்ந்தது. "எந்தப் பக்கம்?" என்றேன். யாரோ ஒரு திசையைச் சொன்னார்கள். மறுபடி எழுத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர்.

"ஏலே தம்பி. டிவியில போடுறான். எல்லாரும் வந்துட்டாகளா?"

இத்தனை வருடம் கழித்து அந்த "ஏலே".

"யாரைக் கேக்குறீகக்கா?"

"எதுத்த வீட்டுப் பயகளைத்தான். நெட்டையும் அந்தப் பாட்டுக்காரனும் கம்பெனிக்குல்ல போறாக. வந்துட்டாகளா?"

நான் படி ஏறிப் பார்க்கவில்லை. யார் எந்தக் கம்பெனிக்குப் போகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

"வந்துட்டாகக்கா. எல்லாரும் வந்துட்டாக."

"நெட்டையுமா?"

"நெட்டையும்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அப்ப சரிப்பா. நான் சாப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

காபியை வைத்துவிட்டு மூன்று மாடி ஏறினேன். ஒடிசாக்காரர்கள் வீட்டில் பூட்டு தொங்கியது. பூட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்து சாவியும் ஐந்து பையில் ஊருக்குள் எங்கெங்கோ இருந்தன. அவர்களின் ஆதார் நகலை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். பிழைப்பே வாசிப்பதுதான் என்று ஆன நான், வாசிக்காமல் வைத்த காகிதங்கள் அவை. படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அச்சகத்துக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலாவதாக ஒருவன் பாடாமல் வந்தான், பாட்டுக்காரனாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு சாவி வைத்திருந்தும் ஒருவன்தான் திறந்தான். "இன்னொருத்தர்? நெட்டையா?" என்று கையை உயர்த்திக் காட்டினேன். "வேற கம்பெனி... வேற வேன்... போன் இல்ல" என்றான் பாடாமல் வந்தவன். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. அவர்களும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள். கீழேயிருந்து என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை என்றேன். இருந்தது.

எட்டு மணி சுமாருக்குப் படியில் செருப்புச் சத்தம். நெட்டையன். முடி வெட்டியிருந்தான். கையில் பரோட்டாப் பொட்டலம். வாசலில் நின்ற நாலு பேரையும், படியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரனையும் பார்த்துப் பயந்துவிட்டான்.

"சார்... தண்ணி வரல?"

மூன்றாம் மாடிக்கு நான் ஏறி வருவதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "வருது, வருது" என்றேன். அக்காவிடம் நான் சொன்ன பொய் இரண்டு மணி நேரம் தாமதமாக உண்மையாகியிருந்தது. எங்கள் கட்டடத்துக்கு மட்டும். வேறு ஏதோ தெருவில் அன்றைக்குச் சாவி மிஞ்சியிருக்கும்.

எழுந்து இறங்கப்போனவன் திரும்பி அவன் பெயரைக் கேட்டேன். சொன்னான். சரியாகப் பிடிபடாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இறங்கும்போது மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கீழே வந்து நின்றபோது, அந்தப் பெயரை எங்கே மாட்டி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.